ஓதம் ஏறிய சுவர்களின் வரலாறு

இங்கிலாந்தின் வடமேற்கே, மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ராச்டேல் நகரில், 2020 டிசம்பர் 21 அன்று அவ்வாப் இஸ்ஹாக் என்னும் ஆண் குழந்தை இறந்துபோனான். அவனுக்கு இரண்டு வயது நிறைந்து எட்டு நாள்களே ஆகியிருந்தன. பெற்றோர் சூடானிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்கள். ஒரே படுக்கையறை கொண்ட வாடகை அடுக்ககம் ஒன்றில் அவர்கள் வாழ்ந்தனர். அதன் சமையலறையிலும் குளியலறையிலும் பூஞ்சணம் கருமையாகப் படர்ந்திருந்தது. ஏறத்தாழ ஈராண்டுகளுக்குப் பின் முடிந்த மரண விசாரணையில், அப்பூஞ்சணத்தை நெடுங்காலம் சுவாசித்ததால் உண்டான கடும் சுவாசக் கோளாறே குழந்தையின் இறப்புக்குக் காரணம் என்று தீர்ப்பாயிற்று.

அவ்விசாரணையில் வெளிவந்த மற்றொரு செய்தி நம்மைப் போன்றோரின் நெஞ்சில் வேறு விதமாகவும் தைத்தது. வீட்டை வாடகைக்கு விட்டிருந்த குடியிருப்புச் சங்கம், ஈரத்துக்கு அக்குடும்பத்தின் வாழ்க்கைமுறையே காரணம் என்று எண்ணியிருந்தது. அவர்கள் சமயச் சடங்காக வாளியில் நீர் மொண்டு குளிப்பதாகவும், அதனாலேயே சுவர் நனைவதாகவும் ஊகம் செய்யப்பட்டிருந்தது. வாழ்க்கைமுறை பற்றித் தாங்கள் கொண்டிருந்த ஊகங்கள் தவறானவை என்று சங்கமே பின்னர் ஒப்புக்கொண்டது. வாளியில் மொண்டு குளிப்பது நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது. அதற்குச் சடங்கு என்று பெயர் சூட்டி, ஒரு குழந்தையின் மூச்சுத் திணறலுக்குக் காரணமாகவும் காட்ட முடியும் என்பது நமக்கு அதுவரை தோன்றாத ஒன்று.

வீட்டுக்குள் வளரும் பூஞ்சணத்தின் வரலாற்றைப் புரட்டினால், சுவரை விட்டுவிட்டுக் குடியிருப்பவரைப் பழிக்கும் இவ்வழக்கம் புதிதன்று என்பது தெரிகிறது. அந்த வரலாற்றையே இங்கே சற்று விரிவாகப் பார்க்கிறோம்.

முதலில் பூஞ்சணம் எவ்வாறு வளர்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதன் நுண்ணிய வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. எவ்வளவு துப்புரவான வீட்டிலும் அவை உண்டு. அவை முளைத்துப் பரவ உணவும் ஈரமும் வேண்டும். உணவுக்குப் பஞ்சமில்லை. சுவரில் ஒட்டிய தாள், மரம், வண்ணப்பூச்சு, மூலையில் தங்கிய தூசி ஆகிய யாவும் அதற்கு உணவே. ஆகவே, பூஞ்சணம் வருவதும் வராததும் ஈரத்தைப் பொறுத்ததாகிறது. கூரையிலோ குழாயிலோ கசிவு ஏற்பட்டு ஈரம் வரலாம். அடித்தளத்தின் வழியே நிலத்து நீர் மேலேறலாம். நம் கொத்தனார்கள் ஓதம் என்று சொல்வது இதைத்தான். குளிர்நாடுகளில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும், ஏன், மூச்சு விடும்போதும்கூட, நீராவி வெளிப்படுகிறது. அது வெளியேற வழியின்றிக் குளிர்ந்த சுவரில் பட்டால், பனித்துளியாய்ப் படிந்துவிடுகிறது. சமைப்பதும் குளிப்பதும் மனிதர் வாழும் எந்த வீட்டிலும் நடப்பவை. அவற்றைத் தாங்கும்படி காற்றோட்டமும் கதகதப்பும் அமைந்த வீட்டில் சுவர் உலர்ந்திருக்கும். அமையாத வீட்டில் எத்தனை முறை துடைத்தாலும் கறை திரும்பி வரும்.

இந்தத் திரும்பி வரும் கறையை முன்னோர் அறிந்திருந்தனர். யூதர்களின் வேதத் தொகுப்பில் லேவியராகமம் என வழங்கும் பகுதியில், வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவான கறை தோன்றினால் செய்ய வேண்டியவை சட்டமாகவே வகுக்கப்பட்டுள்ளன. குரு வந்து சுவரைப் பார்வையிடுவார். வீட்டை ஏழு நாள் பூட்டிவைத்து மீண்டும் வந்து பார்ப்பார். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்தெடுத்து ஊருக்கு வெளியே எறியச் செய்து, சுவரைச் சுரண்டி, புதிய கல்லும் புதிய சாந்தும் வைக்கச் செய்வார். அதன் பின்னும் கறை தோன்றினால் வீட்டையே இடித்துவிட வேண்டும். அது பூஞ்சணம்தானா என்பதில் அறிஞரிடையே முழு உடன்பாடு இல்லை என்றாலும், பலர் அவ்வாறே கருதுகின்றனர். சுவரைப் பார்வையிடவும், குறிப்பிட்ட நாளில் திரும்பி வந்து பார்க்கவும் ஒருவர் பொறுப்பாக்கப்பட்டிருந்தார் என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

காற்றின் வழியே நோய் உடலுக்குள் நுழைவதைப் பற்றி முஸ்லிம் மருத்துவர்களும் சிந்தித்தனர். இப்னு சீனாவின் 'அல்கானூன்' குடியிருப்பிடங்களின் இயல்பையும் அவை உடல்நலத்துக்குச் செய்யும் நன்மை தீமைகளையும் ஆராய்கிறது. அவருக்கு முற்பட்ட அர்ராஸீ, வசந்த காலத்தில் ரோஜாவை முகர்ந்தால் அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞருக்கு மூக்கடைத்துச் சளி ஒழுகுவது ஏன் என்று தனியே ஒரு சிறு நூல் எழுதினார். பிறருக்குத் தீங்கு செய்யாத காற்று ஒருவருக்கு மட்டும் தீங்காவது ஏன் என்ற கேள்வி அதில் இருக்கிறது. இன்று அதை ஒவ்வாமை என்கிறோம்.

பூஞ்சணத்தையே நேராகச் சுட்டிய சான்றுகள் பிற்காலத்தவை. தாமே ஆஸ்துமாவால் அவதிப்பட்ட ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிளோயர், 1698இல் அந்நோய் பற்றி எழுதிய நூலில், திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருந்த நிலவறைக்குச் சென்ற ஒருவருக்குக் கடுமையான மூச்சிரைப்பு கண்டதைக் குறித்துள்ளார். 1837இல் பிராக் நகரத்து வீடொன்றின் சுவர்த்தாளிலிருந்து ஒரு கரிய பூஞ்சணத்தை எடுத்து விவரித்துப் பெயரிட்டார் கோர்டா என்ற அறிஞர். ஸ்டாகிபோட்ரிஸ் எனப்படும் அதனைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும். 1873இல் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர், மகரந்தத்தால் வரும் நோயை ஆராயும்போது, பூஞ்சண வித்துகளையும் தாமே முகர்ந்து பார்த்தார். குரல் கம்மி, நெஞ்சு இறுகிச் சளி கட்டியது. அவர் நோயாளிகளைப் பார்த்துவந்த ஊர் மான்செஸ்டர். அவ்வாப் பிறந்து வளர்ந்த நகரிலிருந்து சில கல் தொலைவில், பூஞ்சண வித்து மூச்சுக்குழலைத் தாக்கும் என்பதை ஒருவர் தம் உடலிலேயே சோதித்து, அச்சிட்டும் வைத்துவிட்டார். அவன் பிறப்பதற்கு 145 ஆண்டுகளுக்கு முன்பே.

அதே மான்செஸ்டரில் ஓதம் என்பது அக்காலத்தில் ஏழைகளின் விதியாகவே இருந்தது. பருத்தி ஆலைகளுக்கு வேலை தேடி வந்தவர்கள், குறிப்பாக அயர்லாந்திலிருந்து வந்தவர்கள், தெருமட்டத்துக்குக் கீழே தோண்டிய நிலவறைகளில் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தனர். ஜேம்ஸ் கே என்ற மருத்துவர் 1832இல் இந்நகரத் தொழிலாளரின் நிலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காலரா பரவிய ஆண்டு அது. நிலவறைகளின் ஈரத்தையும் நாற்றத்தையும் கண்ணால் கண்டு நேர்மையாகவே எழுதினார். ஆனால் அதே நூலில், அயர்லாந்துக்காரர்கள் தங்கள் தாழ்ந்த பழக்கங்களை ஆங்கிலத் தொழிலாளருக்கும் கற்றுக்கொடுத்து அவர்களைக் கெடுத்துவிட்டனர் என்றும் எழுதினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1845இல், அதே நிலவறைகளை விவரித்த ஏங்கெல்ஸ், வீட்டுச் சொந்தக்காரரையும் ஆலை முதலாளியையும் கடுமையாகச் சாடினார். எனினும் அவரும் அயர்லாந்துக்காரரின் துப்புரவின்மை பற்றிய ஏளனத்திலிருந்து தப்பவில்லை. ஈர நிலவறையில் தள்ளப்பட்டவரைக் கண்டு, ஈரத்தை இவரே கொண்டுவந்தார் என எண்ணுவது அத்தனை எளிதாயிருந்தது போலும்.

சுவரின் மீதே குற்றம் சாட்டிய நிகழ்வுகளும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்சனிக் கலந்த பச்சை வண்ணத் தாள்களைச் செல்வர்கள் சுவர்களில் ஒட்டினர். ஓதம் ஏறிய அறைகளில் அத்தாள்கள் பூண்டு போல நாற்றமடிப்பதை 1839இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிமேலின் எச்சரித்தார். பூஞ்சணமே ஆர்சனிக்கை வாயுவாக மாற்றுகிறது என்பதை 1890களில் இத்தாலியரான கோசியோ காட்டினார். பல நோய்களுக்கும் இறப்புகளுக்கும் அவ்வாயுவே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது அந்த அளவுக்கு நச்சுத்தன்மை உடையதன்று என்று 2005இல் இரு வேதியியலாளர்கள் மறுத்து எழுதினர். செல்வர் வீட்டுச் சுவர் என்றால் அதை ஆராயப் பலர் முன்வந்தனர் என்பதையும் நாம் கவனிக்கத்தான் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் நிலவறைகள் மூடப்பட்டு, அரசு கட்டிய அடுக்ககங்கள் எழுந்தன. ஓதமும் பழியும் அங்கும் குடிபுகுந்தன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கோர்பல்ஸ் பகுதியில் ஆயத்தக் கான்கிரீட் பலகைகளை இணைத்து எழுப்பிய குடியிருப்பு ஒன்று 1970களின் தொடக்கத்தில் முடிவுற்றது. குடியேறிய சிறிது காலத்திலேயே சுவர்களில் நீர் வழிந்தது. மெத்தையிலும் துணிகளிலும் பூஞ்சணம் பூத்தது. முறையிட்டவர்களுக்கு நகராட்சியிலிருந்து வந்த விடை, இது வெறும் நீராவிப் படிவு, உங்கள் வாழ்க்கைமுறையால் வருவது, சன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டைச் சூடாக்குங்கள் என்பதாயிருந்தது. சூடாக்கும் செலவைத் தாங்க முடியாதவர்கள் அவர்கள். சன்னலைத் திறந்தால் இருந்த கதகதப்பும் போய்விடும். அக்குடியிருப்பின் மக்கள், பெரும்பாலும் தாய்மார்கள், ஓத எதிர்ப்பு இயக்கம் ஒன்றை அமைத்து ஆண்டுக்கணக்கில் போராடினர். முடிவில் 1980களின் பிற்பகுதியில் அக்கட்டடங்கள் இடிக்கப்பட்டன. கட்டி இருபது ஆண்டுகள்கூட நிற்கவில்லை.

இவ்வாறு முறையிட்டவர்களின் சொல்லை நம்பாதவர்களுக்கு அறிவியலின் விடை 1989இல் வந்தது. ஸ்டீஃபன் பிளாட் முதலானோர் கிளாஸ்கோ, எடின்பரோ, லண்டன் ஆகிய மூன்று நகரங்களில் ஏறத்தாழ அறுநூறு குடும்பங்களை ஆராய்ந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். வீட்டின் ஈரத்தை அளந்தவர்களுக்குக் குடும்பத்தாரின் உடல்நலம் தெரியாது. உடல்நலம் பற்றிக் கேட்டவர்களுக்கு வீட்டின் ஈரம் தெரியாது. ஆகவே, வீடு மாற வேண்டி நோயைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்ற சாக்கு அங்கே எடுபடாது. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு இரைப்பு, இருமல், தொண்டைப் புண், தலைவலி, காய்ச்சல் ஆகியவை மிகுதி என்பது புலனாயிற்று. வருமானம், புகைப்பழக்கம், வேலையின்மை, நெருக்கடி ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் அவ்வேறுபாடு மறையவில்லை.

இதே காலத்தை ஒட்டி மறுபுறத்தில் அச்சமும் பெருகியது. 1930களில் உக்ரைனில் பூஞ்சணம் பிடித்த வைக்கோலைத் தின்ற குதிரைகள் மடிந்தபோது, நாம் முன்பு குறிப்பிட்ட ஸ்டாகிபோட்ரிஸின் நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது. 1993, 1994 ஆண்டுகளில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பத்துக் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தக்கசிவு ஏற்பட, அவர்களின் வீடுகளில் இக்கரும்பூஞ்சணம் கண்டறியப்பட்டது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இரண்டையும் தொடர்புபடுத்தியது. பின்னர் 2000ஆம் ஆண்டில் தன் ஆய்வைத் தானே மீளாய்வு செய்து, அத்தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. அதற்குள் கொலைகாரப் பூஞ்சணம் என்ற பெயர் செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது நல்லது. 2021இல் கொரோனாவுக்குப் பின் நம் நாட்டில் பலரின் கண்ணையும் உயிரையும் பறித்த கருப்புப் பூஞ்சை நோய் வேறு. குளியலறைச் சுவரில் காணும் கரிய கறை வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்ச வேண்டியதில்லை.

அச்சத்தையும் அலட்சியத்தையும் நீக்கிப் பார்த்தால் மிஞ்சும் செய்தியை 2009இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டு நூலில் தொகுத்தது. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்குச் சுவாச நோய்களும் சுவாசத் தொற்றுகளும் ஒவ்வாமையும் கூடுதலாக வருகின்றன, ஆஸ்துமா தீவிரமடைகிறது. இவ்வளவு வித்து வரை தீங்கில்லை என்று ஓர் எல்லை வகுக்க முடியாது. எனவே ஈரத்தையே தடுக்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குச் சில வகைப் பூஞ்சைகள் நுரையீரலுக்குள்ளேயே வளர்ந்துவிடும் அபாயமும் உண்டு. கைக்குழந்தைகளின் மூச்சுக்குழல் மிகக் குறுகியது. சிறிது வீங்கினாலும் அடைத்துவிடும். அவர்கள் நாளின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே கழிக்கின்றனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி, ராச்டேலுக்குத் திரும்புவோம். 1844இல் எளிய தொழிலாளர் சிலர் ஒன்றுகூடிக் கடை திறந்து, உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்ட ஊர் அது. அவ்வாபின் குடும்பத்துக்கு வீடு வாடகைக்கு விட்டதும், குடியிருப்போரும் பணியாளரும் உறுப்பினராக உள்ள கூட்டுறவு வகைச் சங்கமே. குழந்தை பிறப்பதற்கு முன்பே, 2017இல், தந்தை பூஞ்சணத்தைப் பற்றி முறையிட்டார். அதன் மேல் வண்ணம் பூசிவிடும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அவரும் பூசினார். ஈரம் உள்ளே இருக்கும்வரை வண்ணப்பூச்சு பூஞ்சணத்துக்குத் திரையாகலாம், தடையாகாது. சில வாரங்களில் கறை மேலே வந்துவிடும். மீண்டும் மீண்டும் முறையிட்டும் பயனில்லாமல், 2020 ஜூனில் வழக்கறிஞர் வழியாகக் கோரிக்கை வைத்தார். சட்டக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது வழக்கறிஞரின் ஒப்புதல் இன்றிப் பழுதுபார்ப்பதில்லை என்ற சங்கத்தின் நடைமுறை, அக்கோரிக்கையையே தடையாக மாற்றியது. ஜூலையில், குழந்தையைப் பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் வீட்டைப் பார்வையிட வந்தவர், பூஞ்சணத்தை அகற்றியாக வேண்டும் என்று குறித்துக்கொண்டு போனார். டிசம்பர் வரை எவரும் வந்து அகற்றவில்லை. டிசம்பர் 19 அன்று மூச்சுத் திணறிய குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வீட்டுக்கு அனுப்பப்பட்டான். மறுநாளுக்கு அடுத்த நாள் அவன் இல்லை.

மரண விசாரணை அதிகாரி ஜோவான் கியர்ஸ்லி 2022 நவம்பர் 15 அன்று தீர்ப்புரைத்தார். வீட்டில் போதிய காற்றோட்டம் இல்லை என்றும், இயல்பான அன்றாட வாழ்க்கைக்கே அது ஏற்றதாக அமைக்கப்படவில்லை என்றும், ஈரம் மிகுந்ததற்கு அதுவே காரணம் என்றும் அவர் குறிப்பிட்டார். 2020ஆம் ஆண்டில், பிரிட்டனில், வீட்டுப் பூஞ்சணத்தால் ஓர் இரண்டு வயதுக் குழந்தை எப்படி இறக்க முடிந்தது என்று அனைவரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். அதற்கு ஓராண்டு முன்பே, 2021 அக்டோபரில், இங்கிலாந்தின் குடியிருப்புக் குறைதீர் அதிகாரி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார். ஓதத்துக்குக் காரணம் வாழ்க்கைமுறை அன்று என்பதே அதன் தலைப்பின் பொருள். அதே அலுவலகம் 2023இல் அந்தச் சங்கத்தை ஆராய்ந்து, குடியிருப்போரை, குறிப்பாக அகதிகளை, அயலாராகப் பார்க்கும் போக்கு அங்கே இருந்ததைப் பதிவு செய்தது.

இதை வாசிக்கும் நாம் வெறும் சினத்தோடு நின்றுவிட முடியாதபடி நம் தெருவிலும் இதே பேச்சு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் மொட்டைமாடி கசிந்து அலமாரியின் முதுகில் பூஞ்சணம் பூத்தால், வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்ற சொல் மருமகள் மீதுதான் விழுகிறது. குழந்தைக்கு இரைக்கிறது என்று வாடகைக்காரர் சொன்னால், துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள், தண்ணீரை இறைக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவரும் பெரும்பாலும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவரே. தளத்தின் விரிசலையும், சன்னலே இல்லாத குளியலறையையும் அவர் வந்து பார்ப்பதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிடுகிறது.

அவ்வாப் என்பது இறைவனிடமே மீண்டும் மீண்டும் திரும்புபவரைக் குறிக்கும் அரபிச் சொல். திருக்குர்ஆன் தாவூத், சுலைமான், அய்யூப் நபிமார்களை (அலை) இச்சொல்லால் சிறப்பிக்கிறது. இன்று அது பிரிட்டனின் சட்டத்துக்கும் பெயர். பெற்றோரும் வழக்கறிஞரும் பொதுமக்களும் எழுப்பிய கோரிக்கையால், 2023இன் சமூகக் குடியிருப்புச் சட்டத்தில் 'அவ்வாப் சட்டம்' எனப்படும் விதிகளுக்கு இடம் கிடைத்தது. 2025 அக்டோபர் 27 முதல் அதன் முதற்கட்டம் நடைமுறையில் உள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சீர்செய்ய வேண்டும். குறிப்பிடத்தக்க ஓதமோ பூஞ்சணமோ இருப்பதாக முறையீடு வந்தால் பத்து வேலைநாள்களுக்குள் வந்து ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்த மூன்று வேலைநாள்களுக்குள் கண்டதை எழுத்தில் தர வேண்டும். ஆபத்து உறுதியானால், ஆராய்ந்து முடித்த ஐந்து வேலைநாள்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும். இயலாவிடில் குடும்பத்தைத் தன் செலவில் வேறு வீட்டில் தங்கவைக்க வேண்டும். சமூகக் குடியிருப்புகளுக்கு மட்டுமே இப்போது செல்லும் இவ்விதிகளைத் தனியார் வாடகை வீடுகளுக்கும் விரிக்க 2025இல் இயற்றப்பட்ட வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி செய்துள்ளது. நம் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கவும் வேலை பார்க்கவும் சென்று தங்கியிருப்பவை அத்தகைய தனியார் வீடுகளே.